புற்றுநோயின் வளர்ச்சியும் கணிதமும்
(ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)

 

முத்தமிழ் மணக்க வேண்டிய ஆண்டு விழா மேடையில், நோயைப் பற்றியும், நோயினும் மிகுதியாகச் சிலருக்கு அச்சம் விளைவிக்கும் கணக்கைப் பற்றியும் பேசுமாறு ஒருவனைப் பணித்தது சங்கத்தாரின் துணிவையே காட்டுகிறது. அத்துணிவுக்கு என் நன்றி உரியது. எண்ணை எழுத்தோடு இணைத்துப் போற்றிய மரபு நம்முடையது. ஆதலின் தமிழ்ச் சங்கத்தில் எண்ணுக்கும் ஒரு நாழிகை ஒதுக்குவது பொருத்தமே.

கணிதம் கற்பித்தலையே வாழ்நாள் தொழிலாகக் கொண்டவன் நான், மருத்துவன் அல்லன். ஆகவே மருந்து கூற முன்வர மாட்டேன். ஒரு கட்டி உடலினுள் எவ்வாறு வளர்கின்றது? அவ்வளர்ச்சியை எண்ணால் அளக்க இயலுமா? அளந்தால் நமக்கு உண்டாகும் பயன் யாது? இம்மூன்று வினாக்களுக்கும் அறிஞர்கள் கண்ட விடைகளை, கணக்குக் குறியீடுகளைக் கூடியவரை விலக்கி, உங்கள் முன் வைப்பதே என் நோக்கம்.

நெய்யூரும் திருவனந்தபுரமும்

இந்நகரில் வாழும் தமிழராகிய நமக்கு இப்பொருள் தொலைவிலுள்ளதன்று. பழைய திருவிதாங்கூரின் தென்பகுதியாக இருந்து, 1956-ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள் அன்றைய சென்னை மாநிலத்துடன் இணைந்த பகுதியில் நெய்யூர் என்னும் ஊர் உளது. ஈண்டுக் குழுமியிருப்போருள் பலருக்கு அது பிறந்த ஊருக்கு அடுத்த ஊராக இருக்கலாம். அங்குள்ள இலண்டன் மிஷன் மருத்துவமனையைச் சேர்ந்த பென்டால் என்னும் மருத்துவர், திருவிதாங்கூரில் காணப்பட்ட 1,700 புற்றுநோயாளரைப் பற்றிய சுருக்கம் ஒன்றை 1908-ஆம் ஆண்டிலேயே பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வெளியிட்டார். அதே நெய்யூரில் பணியாற்றிய ஆர் என்னும் மருத்துவர், திருவிதாங்கூரில் வெற்றிலை பாக்குப் போடுவோர்க்கு வரும் வாய்ப்புற்றைப் பற்றி 1933-ஆம் ஆண்டில் 'லான்செட்' என்னும் இதழில் எழுதினார். எவரெஸ்ட் சிகரத்தை நாடி 1922, 1924 ஆம் ஆண்டுகளில் சென்ற குழுக்களில் இடம்பெற்ற சாமர்வெல் அவர்களும் நெய்யூரில் அறுவை மருத்துவராக விளங்கியவரே. வாய்ப்புற்றைப் பற்றிய உலக ஆராய்ச்சியில் நம் மண்ணின் பெயர் இவ்வாறு நூறாண்டுகளுக்கு முன்னரே இடம்பெற்றுவிட்டது. பெருமைப்படத் தக்க காரணத்துக்காக அன்று என்பதுதான் வருத்தம்.

பின்னர் 1981-ஆம் ஆண்டில், டாக்டர் எம். கிருஷ்ணன் நாயர் அவர்களை இயக்குநராகக் கொண்டு, திருவனந்தபுரம் மருத்துவக் கல்லூரி வளாகத்தில் மண்டலப் புற்றுநோய் மையம் தோன்றியது. இன்று கேரள மக்களேயன்றிக் குமரி மாவட்டத்தினின்றும் திருநெல்வேலிச் சீமையினின்றும் வரும் தமிழரும் அதன் வாயிலில் காத்து நிற்கக் காண்கிறோம். அம்மையத்தார் நடத்திய ஒரு பேராய்வைப் பற்றிப் பின்னர்க் கூறுவேன். அதன் அருமை விளங்க, முதலில் கட்டி வளரும் கணக்கு விளங்க வேண்டும்.

அம்பலப்புழைக் கணக்கு

அம்பலப்புழைக் கோயிலின் பால் பாயசத்தை அறியாதார் ஈண்டு இரார். அப்பாயசத்துக்கு ஒரு கதை வழங்குகின்றது. சதுரங்கத்தில் வல்லவரான செம்பகச்சேரி அரசரிடம் முனிவர் ஒருவர் ஆட வந்தாராம். தாம் வென்றால் பலகையின் முதற் கட்டத்துக்கு ஒரு மணி அரிசி, இரண்டாம் கட்டத்துக்கு இரண்டு மணி, மூன்றாவதற்கு நான்கு மணி என ஒவ்வொரு கட்டத்துக்கும் இருமடங்காக 64 கட்டங்களுக்கும் அரிசி வேண்டும் என்றாராம். அரசர் நகைத்து இசைந்தார், ஆட்டத்தில் தோற்றார், களஞ்சியம் முழுவதும் வற்றியும் கடன் தீரவில்லை. முனிவராக வந்த கண்ணன் தன் உருக்காட்டி, கடனைப் பாயசமாகச் செலுத்துமாறு அருளினான் என்பது கதை.

இக்கதையை நாம் பக்தியோடு கேட்கிறோம். சற்றுக் கணக்கோடும் கேட்போம். ஒரு கிலோ அரிசியில் 40,000 மணிகள் உள்ளன எனக் கொள்வோம். பதினோராம் கட்டத்தில் இருப்பவை 1,024 மணிகள். ஒரு கைப்பிடிக்கும் குறைவு. இருபத்தோராம் கட்டத்தில் ஏறத்தாழ 26 கிலோ, ஒரு மூட்டை. அதுவரை அரசர் நகைத்துக்கொண்டுதான் இருந்திருப்பார். முப்பத்தோராம் கட்டத்தில் 26,800 கிலோவுக்கு மேல். நாற்பத்தோராம் கட்டத்திலோ 2 கோடியே 74 லட்சம் கிலோ! பெருக்கும் விதி முதலிலிருந்து இறுதிவரை ஒன்றே. முதல் இருபது கட்டங்களில் அது கண்ணுக்குப் புலப்படவில்லை, அவ்வளவே.

புற்றுக்கட்டியின் தொடக்கமும் இத்தகையது. உடலின் உயிரணு ஒன்று தன் கட்டுப்பாட்டை இழந்து இரண்டாகின்றது, இரண்டு நான்காகின்றன, நான்கு எட்டாகின்றன. இருபது முறை இருமடங்கானால் பத்து லட்சம் உயிரணுக்கள். அவை அனைத்தும் திரண்டாலும் கட்டியின் குறுக்களவு ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டரே. முப்பது முறை இருமடங்கானால் 107 கோடி உயிரணுக்கள். எடை ஏறத்தாழ ஒரு கிராம். அளவு ஒரு சுண்டைக்காய். உடலின் ஆழத்திலுள்ள கட்டி பெரும்பாலும் இந்நிலையை ஒட்டியே மருத்துவர் கைக்கோ கருவிக்கோ அகப்படுகின்றது. இன்னும் பத்து முறை இருமடங்கானால் ஒரு கிலோ. அச்சுமையை உடல் தாங்குவது அரிது.

பெரியோர்களே! இதன் பொருளைச் சற்றுச் சிந்தியுங்கள். நாற்பது படிகளில் முப்பது படிகள் நாம் அறியாமலே ஏறப்பட்டுவிடுகின்றன. 'நேற்றுவரை ஒன்றுமில்லை, திடீரென்று வந்துவிட்டது' என்று நோயாளியின் வீட்டார் புலம்பக் கேட்டிருப்பீர்கள். அவர்கள் கண்டது உண்மையே. ஆயினும் நோய் திடீரென்று வந்ததன்று. ஒரு கட்டி 100 நாட்களுக்கு ஒருமுறை இருமடங்காகின்றது எனக் கொண்டால், முப்பது படிகளுக்கு 3,000 நாட்கள், அதாவது எட்டாண்டுகளுக்கு மேல் ஆகியிருக்கும்.

இவ்விருமடங்குக் காலத்தை மனிதரிடம் நேரே அளக்க வழி கண்டவர்கள் காலின்ஸ் என்பாரும் அவருடைய தோழர்களுமாவர். நுரையீரலிற் பரவிய கட்டிகளை அடுத்தடுத்து எடுத்த எக்ஸ்ரே படங்களில் அளந்து, 1956-ஆம் ஆண்டில் அவர்கள் தம் முடிவுகளை வெளியிட்டனர். கட்டிக்குக் கட்டி இக்காலம் பெரிதும் வேறுபடுகின்றது. சிலவகை நிணநீர்ப் புற்றுக்குச் சில நாட்களே போதும். வேறு சிலவற்றுக்கு மாதங்களும் ஆண்டுகளும் வேண்டும்.

இங்கு மற்றொரு நுட்பமும் உண்டு. கட்டியின் குறுக்களவு இருமடங்கானால் அதன் கன அளவு எட்டு மடங்காகின்றது. ஆகவே ஒரு செ.மீ. கட்டி இரண்டு செ.மீ. ஆகும்போது, கண் அதனை 'இருமடங்கு' என்று காண்கின்றது. கணக்கோ மூன்று படிகள் ஏறிவிட்டது என்கின்றது.

வளர்ச்சி தளர்வது ஏன்?

இவ்வாறே இருமடங்காகிக் கொண்டே போனால் கட்டி மலையாகிவிடாதா என்று மாணவர் ஒருவர் வினவலாம். நல்ல வினா. அவ்வாறு நிகழ்வதில்லை. மேனியார்டு என்னும் ஆங்கில இயற்பியலறிஞர் 1932-ஆம் ஆண்டில் எலியின் கட்டி ஒன்றை அளந்து, அதன் குறுக்களவு நாளுக்கு நாள் ஒரே அளவாகக் கூடுகின்றதேயன்றிப் பெருக்கமுறையில் ஏறவில்லை எனக் கண்டார். கட்டியின் மேற்புறத்திலுள்ள மெல்லிய அடுக்கு மட்டுமே வளர்கின்றது. உட்புறம் வளர்வதில்லை என்பது அவர் கூறிய காரணம்.

உட்புறம் ஏன் வளர்வதில்லை? தாம்லின்சன், கிரே என்னும் இருவர் 1955-ஆம் ஆண்டில் இதற்கு விடை கூறினர். இரத்தத்திலிருந்து பிராணவாயு ஒரு மில்லிமீட்டரில் ஐந்திலொரு பங்குத் தொலைவுக்குள்ளேயே செலவாகிவிடுகின்றது. அதற்கப்பால் உள்ள உயிரணுக்கள் மூச்சின்றி மடிகின்றன. கால்வாயின் கடைமடை வயலுக்கு நீர் எட்டாமல் பயிர் கருகுவது போன்றது இது. கட்டி மேலும் பெருக வேண்டுமாயின் புதிய இரத்தக் குழாய்களைத் தன்பால் ஈர்த்துக்கொள்ள வேண்டும் என்பதை 1971-ஆம் ஆண்டில் ஃபோக்மன் என்னும் அமெரிக்க அறுவை மருத்துவர் எடுத்துரைத்தார்.

இத்தளர்ச்சியைக் குறிக்கும் சூத்திரம் எதிர்பாராத இடத்திலிருந்து வந்தது. பெஞ்சமின் காம்பெர்ட்ஸ் என்பவர் இலண்டனில் வாழ்ந்த யூதர். சமயம் காரணமாகப் பல்கலைக்கழகக் கல்வி அவருக்கு வாய்க்கவில்லை. தாமே கற்றுத் தேர்ந்து, ஆயுள் காப்பீட்டுக் கணக்கராக உயர்ந்தார். மாந்தர் அகவை கூடக்கூட இறப்பு எந்த விகிதத்தில் மிகுகின்றது என்பதை அவர் 1825-ஆம் ஆண்டில் ஒரு சூத்திரத்தில் அடக்கினார். ஏறத்தாழ 140 ஆண்டுகளுக்குப் பின்னர், 1964-ஆம் ஆண்டில், அன்னா லெயர்டு என்னும் அம்மையார் எலி, சுண்டெலி, முயல் ஆகியவற்றின் கட்டிகளை ஆராய்ந்து, அவற்றின் வளர்ச்சி காம்பெர்ட்ஸின் சூத்திரத்தோடு நன்கு பொருந்தக் காட்டினார். காப்பீட்டுக்காகப் பிறந்த கணக்கு கட்டிக்கு உதவியது! சிறு கட்டி விரைந்து வளர்கின்றது. பெருகப் பெருக அதன் விரைவு குறைந்துகொண்டே வருகின்றது என்பதே அதன் சாரம். இக்கருத்தை மனத்தில் இருத்திக்கொள்ளுங்கள். சிகிச்சையைப் பற்றிப் பேசும்போது இது மீண்டும் வேண்டப்படும்.

மூன்றாண்டு வலை

இனித் திருவனந்தபுரத்தாரின் ஆய்வுக்கு வருவோம். வாய்ப்புற்று ஏனைய புற்றுகளைப் போன்று ஆழத்தில் ஒளிந்திருப்பதன்று. வாயைத் திறந்தால் தெரியும் இடத்தில் தோன்றுகின்றது. பல வேளைகளில் அது தோன்றுமுன்னரே வெண்படலம், செம்படலம், கன்னத்தின் உட்புறம் இறுகி வாய் திறக்க முடியாமை ஆகிய அறிகுறிகள் தோன்றுகின்றன. இவையனைத்தும் புற்றாக மாறுவதில்லை. ஆயினும் கவனிக்கத் தக்கவை. அங்ஙனமாயின், ஊர் ஊராகச் சென்று மக்களின் வாயை நோக்கினால் முப்பதாம் படிக்கு முன்னரே நோயைப் பிடித்துவிடலாமன்றோ?

பிடிக்கலாம், ஆனால் பிடித்ததால் உயிர் காக்கப்பட்டதா என்பதை அறிவது எளிதன்று. இங்குதான் கணிதம் நம்மை எச்சரிக்கின்றது. ஒருவருக்கு நோய் 2010-இல் கண்டறியப்பட்டு 2013-இல் மறைவு நேர்கின்றது என்போம். அதே நோயை 2008-இல் கண்டறிந்திருந்தும் அவர் 2013-இலேயே மறைந்தால், 'நோயறிந்தபின் ஐந்தாண்டு வாழ்ந்தார்' என்று ஏடு கூறும். அவர் வாழ்நாளில் ஒரு நாளும் கூடவில்லை. நோயாளி என்ற பெயரோடு வாழ்ந்த நாள்தான் கூடியது.

இரண்டாவது எச்சரிக்கை இன்னும் நுட்பமானது. பழகிய கண்ணுக்குப் புலப்படும் நிலையிலிருந்து நோயாளி தாமே உணரும் நிலைக்குச் செல்ல ஆறு படிகள் வேண்டும் எனக் கொள்வோம். மாதம் ஒருமுறை இருமடங்காகும் கட்டி ஆறு மாதத்தில் அப்படிகளைக் கடந்துவிடும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை இருமடங்காகும் கட்டிக்கு மூன்றாண்டுகள் வேண்டும். மூன்றாண்டுக்கு ஒருமுறை வலை வீசினால் இரண்டாவது கட்டி தவறாமல் சிக்கும். முதலாவது ஆறில் ஒரு முறையே சிக்கும். எனவே வலையில் விழுந்தவற்றுள் மெல்ல வளரும் சாதுவான கட்டிகளே மிகுந்திருக்கும். அவற்றை உடையோர் நெடுநாள் வாழ்வதைக் கண்டு வலையைப் புகழ்வது பிழையாகலாம்.

இவ்விரு பிழைகளுக்கும் இடங்கொடாத வழி ஒன்றே உண்டு. ஊர்களைக் குலுக்கல் முறையில் இரு பிரிவாக்கி, ஒரு பிரிவில் மட்டும் வாய்ச் சோதனை நடத்தி, இரு பிரிவிலும் நேர்ந்த இறப்புகளை எண்ணி ஒப்பிட வேண்டும். திருவனந்தபுரம் மண்டலப் புற்றுநோய் மையத்தார், பிரான்சு நாட்டு லியோன் நகரிலுள்ள பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு நிறுவனத்தாருடன் சேர்ந்து அதையே செய்தனர். டாக்டர் ஆர். சங்கரநாராயணன் அவர்கள் அப்பணிக்குத் தலைமை தாங்கினார். இம்மாவட்டத்தின் 13 ஊராட்சித் தொகுதிகளில் 35 அகவைக்கு மேற்பட்டோர் ஆய்வில் சேர்க்கப்பட்டனர். சோதனைப் பிரிவில் 96,517 பேர். ஒப்பீட்டுப் பிரிவில் 95,356 பேர். 1996 முதல் 2004 வரை மூன்றாண்டுக்கு ஒருமுறையாக மூன்று சுற்றுகள் நடைபெற்றன. வீடு தேடிச் சென்றவர்கள் மருத்துவர்கள் அல்லர். பயிற்சி பெற்ற சாதாரணப் பட்டதாரிகளே. நல்ல வெளிச்சத்தில் வாயை நோக்குதலே அவர்கள் செய்த சோதனை.

முடிவு 2005-ஆம் ஆண்டில் லான்செட் இதழில் வெளிவந்தது. வாய்ப்புற்றால் இறந்தோர் சோதனைப் பிரிவில் 77 பேர். ஒப்பீட்டுப் பிரிவில் 87 பேர். மொத்த மக்களையும் கருதும்போது இவ்வேறுபாடு தற்செயலாகவும் நேரக்கூடியது என்பதை ஆய்வாளரே ஒளிக்காமல் எழுதினர். ஆனால் புகையிலையோ மதுவோ பழகியவரை மட்டும் பிரித்துக் கணக்கிட்டபோது, சோதனைப் பிரிவில் இறப்பு விகிதம் 34 விழுக்காடு குறைந்திருந்தது. இது தற்செயல் என்று தள்ளத் தக்கதன்று. நான்காம் சுற்றும் முடிந்து, பதினைந்தாண்டுக் கணக்கு 2013-இல் வெளிவந்தபோதும் அப்பிரிவினரிடையே 24 விழுக்காடு குறைவு நிலைத்து நின்றது. கருவியின்றி, கண்ணும் வெளிச்சமும் கொண்டு, உயிர்களைக் காக்கலாம் என்பதற்கு இத்தகைய அளவில் அமைந்த சான்றினை உலகுக்கு அளித்தது நாம் வாழும் இம்மாவட்டமே.

ஒரு குறையையும் கூறவேண்டும். சோதனையில் ஐயத்துக்கு இடமானவர் என்று கண்டு மருத்துவரிடம் செல்லுமாறு அனுப்பப்பட்டவர் 5,145 பேர். அவர்களுட் சென்றவர் 3,218 பேரே. நூற்றுக்கு 63 பேர். மற்றவரைக் கட்டத்தில் ஏற விட்டது அறிவியலின் குறையன்று. அச்சமோ, நாணமோ, 'நாளைப் பார்க்கலாம்' என்னும் எண்ணமோ, கூலி போகுமே என்ற கவலையோ, யாதோ ஒன்று தடுத்திருக்கின்றது.

கட்டங்களில் இறங்குதல்

இனிச் சிகிச்சை. அம்பலப்புழைப் பலகையில் ஏறினாற்போல் இறங்கவும் வழி உண்டா? உண்டு.

அமெரிக்காவில் ஸ்கிப்பர் என்பாரும் அவர் குழுவினரும் சுண்டெலிகளின் இரத்தப் புற்றை ஆராய்ந்து, 1964-ஆம் ஆண்டில் இரண்டு உண்மைகளைக் கூறினர். எஞ்சிய ஒரேயோர் உயிரணுவும் மீண்டும் பெருகி எலியைக் கொல்ல வல்லது என்பது ஒன்று. ஒரு வேளை மருந்து கொல்வது குறிப்பிட்ட எண்ணிக்கையை அன்று, குறிப்பிட்ட விகிதத்தை என்பது மற்றொன்று. நூறு கோடி உயிரணுக்களில் ஆயிரத்துக்கு 999 வீதம் மடிந்தாலும் பத்து லட்சம் எஞ்சும். கட்டி கண்ணுக்கு மறைந்திருக்கும், நோய் மறைந்திராது. 'கட்டிதான் கரைந்துவிட்டதே, இன்னும் எதற்கு மருந்து?' என்று கேட்கும் நோயாளிக்கு இக்கணக்கே விடை.

மேற்சொன்ன காம்பெர்ட்ஸ் விதி இங்குப் பயன்படுகின்றது. சிறுத்த கட்டி விரைந்து வளரும் எனின், மருந்துக்குப் பின் எஞ்சிய சிறு பகுதியும் விரைந்து வளருமன்றோ? ஆதலின் மருந்து வேளைகளுக்கு இடைப்பட்ட காலத்தைக் குறைக்க வேண்டும் என்று நார்ட்டன், சைமன் என்னும் இருவர் 1977-ஆம் ஆண்டில் கணித்தனர். மார்பகப் புற்றுடைய இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட பெண்களிடம் அமெரிக்காவில் இதனைச் சோதித்து, 2003-ஆம் ஆண்டில் முடிவை வெளியிட்டனர். மூன்று வாரத்துக்கு ஒருமுறை மருந்து பெற்றோரைவிட, அதே மருந்தை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை பெற்றோர்க்கு நோய் மீள்வதும் இறப்பும் குறைந்தன. ஏட்டில் எழுதிய சூத்திரம் ஓர் உயிரைக் காக்குமா என்று ஐயுறுவோர் இதனை எண்ணிப் பார்க்கலாம்.

நம்மவர்க்கு மிகவும் வேண்டியது கதிர்வீச்சுக் கணக்கு. தலை, கழுத்துப் பகுதிப் புற்றுகளுக்குப் பெரும்பாலும் வாரத்துக்கு ஐந்து நாள், நாளொன்றுக்கு 2 கிரே என்னும் அளவில், ஆறு அல்லது ஏழு வாரம் கதிர்வீச்சு அளிப்பது வழக்கம். ஒருநாட் கதிர்வீச்சுக்குப் பின் கட்டியின் உயிரணுக்களில் ஏறத்தாழப் பாதி பிழைக்கின்றன எனக் கொள்வோம். பாதி, பாதியிற் பாதி, அதிற் பாதி என்று முப்பது நாட்கள் சென்றால் 107 கோடி உயிரணுக்கள் ஒன்றாகக் குறையும். அதே முப்பது கட்டங்கள், இம்முறை கீழ்நோக்கி! அந்த ஒன்றையும் விடாமல் அழிப்பதற்கே மேலும் சில நாட்கள். பிராணவாயு எட்டாத உட்புறத்து உயிரணுக்கள் இரண்டரை முதல் மூன்று மடங்கு கதிரையும் தாங்க வல்லவை. ஆதலின் உண்மைக் கணக்கு இவ்வளவு நேர்த்தியாக இராது. எனினும் எதற்காக இத்தனை நாட்கள் என்பது இதனால் விளங்கும்.

இடையில் நாள் தவறினால் என்ன ஆகும்? விதர்ஸ் என்னும் அறிஞரும் அவருடைய தோழர்களும் தலை, கழுத்துப் புற்றுச் சிகிச்சை பற்றிய பல ஊர்க் கணக்குகளைத் திரட்டி, 1988-ஆம் ஆண்டில் ஓர் அரிய உண்மையைக் கண்டனர். கதிர்வீச்சுத் தொடங்கி ஏறத்தாழ நான்கு வாரங்களுக்குப் பின்னர், எஞ்சிய உயிரணுக்கள் முன்னினும் பன்மடங்கு விரைவாகப் பெருகத் தொடங்குகின்றன. மாதங்களில் இருமடங்கானவை நாட்களில் இருமடங்காகின்றன. அப்பெருக்கத்தை ஈடுசெய்வதற்கு மட்டுமே நாளொன்றுக்கு 0.6 கிரே வேண்டும் என அவர்கள் மதிப்பிட்டனர். அதாவது ஐந்தாம் வாரத்தில் ஒருவர் ஊர்த் திருவிழாவுக்காகவோ, வீட்டுத் திருமணத்துக்காகவோ, கைப்பணம் தீர்ந்தமையாலோ ஏழு நாட்கள் வராமல் நின்றால், 4.2 கிரே வீணாகின்றது. அவர் இரண்டு நாட்கள் பட்ட வேதனையும் இறங்கிய இரண்டு கட்டங்களும் பயனற்றுப் போகின்றன. திரும்பி வந்து விட்ட இடத்தில் தொடங்கலாம் என அவர் எண்ணுகின்றார். கட்டியோ அவருக்காகக் காத்திருக்கவில்லை.

கணக்கின் எல்லை

இவ்வளவும் கேட்டபின் ஒருவர், 'அப்படியாயின் எனக்கு இன்னும் எத்தனை நாள் என்று கணக்கிட்டுக் கூறுக' என்று கேட்கலாம். கணிதம் அதற்குத் துணியாது, துணியவும் கூடாது. நாம் கண்ட விதிகள் பலரைச் சேர்த்து எடுத்த சராசரிகள். ஒரே கட்டிக்குள்ளும் உயிரணுக்கள் பலவகைப்பட்டவை. சில மருந்துக்குப் பணியும், சில பணியா. பயிரில் மருந்து தெளித்தால் சாதுவான பூச்சிகள் மடிந்து, முரடான பூச்சிகள் தழைப்பதை உழவர் அறிவர். இவ்வுவமையையே கொண்டு, பணியும் உயிரணுக்களில் சிலவற்றை வேண்டுமென்றே விட்டுவைத்துப் பணியாதவற்றை அடக்கலாம் என்று அமெரிக்காவில் கேட்டன்பி என்பார் 2009-ஆம் ஆண்டில் ஒரு கணித முறையை வகுத்தார். ஆண்களின் முன்னிற்குஞ் சுரப்பிப் புற்றில் அதனைச் சிறிய அளவில் சோதித்து 2017-இல் நம்பிக்கை தரும் முடிவு கண்டனர். ஒரு சிறு குழுவிற் கண்டது அனைவர்க்கும் பொருந்துமென்று கொள்ளல் ஆகாது. ஆகவே எண்ணைக் கண்டு எவரும் மனம் தளர வேண்டா. எண்ணைக் காட்டி எவரையும் அச்சுறுத்தவும் வேண்டா.

நாம் செய்யத் தக்கவை

அன்பர்களே! கணக்கு முடிந்தது, கடமை எஞ்சியுள்ளது.

முதலாவது, வெற்றிலைச் செல்லம். தாம்பூலம் நம் மங்கல மரபு என்பதை நானும் அறிவேன். ஆயினும் புகையிலை சேர்ந்தால் மட்டுமன்று, சேராவிட்டாலும் பாக்கே புற்றினை விளைவிக்க வல்லது என்று பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு நிறுவனத்தார் 2004-ஆம் ஆண்டில் வெளியிட்ட தொகுதியில் முடிவு கூறியுள்ளனர். தட்டில் வைத்து வழங்குவது மரபாக இருக்கட்டும். நாள்தோறும் வாயில் அடக்குவதை விட்டொழிப்போம். பலகையின் முதற் கட்டத்தில் முதல் மணியே வைக்கப்படாவிடின் கடனும் இல்லை.

இரண்டாவது, மாதம் ஒருமுறை கண்ணாடி முன் நின்று, நாவின் அடியையும் கன்னத்தின் உட்புறத்தையும் நோக்குங்கள். வீட்டிலுள்ள முதியோர்க்கும் நோக்குங்கள். மூன்று வாரத்துக்கு மேல் ஆறாத புண்ணோ, வெண்மையோ, செம்மையோ கண்டால் மருத்துவரிடம் காட்டுங்கள். பெரும்பாலும் அது ஒன்றுமில்லாததாகவே இருக்கும். அதையும் மருத்துவர் வாயால் கேட்பதே நன்று.

மூன்றாவது, சங்கத்தாருக்கு ஒரு விண்ணப்பம். நாஞ்சில் நாட்டினின்றும் நெல்லையினின்றும் சிகிச்சைக்காக இந்நகருக்கு வரும் தமிழர் ஏழு வாரம் இங்குத் தங்க வேண்டியவராகின்றனர். மலையாள எழுத்தறியாதார் அவருட் பலர். தங்க இடமின்றியும், வழி அறியாமலும், வண்டிச் சத்தத்துக்குக் காசின்றியும் இடையில் ஊர் திரும்புவோர் உண்டாயின், அவரைத் தடுத்து நிறுத்தும் ஆற்றல் நமக்கு உண்டு. நம் மாணவர் சிலர் முறை வைத்துக்கொண்டு படிவம் எழுதித் தரலாம். உறுப்பினர் சிலர் வாடகைக்கு ஓர் அறை அமர்த்தித் தரலாம். தாய்மார்கள் விழுங்க இயலாதவர்க்குக் கஞ்சி காய்ச்சி அனுப்பலாம். ஒருவரை ஒரு வாரம் இங்கே நிறுத்திவைத்தால், மேற்கூறிய கணக்கின்படி இரண்டு கட்டங்களை அவருக்கு மீட்டுத் தந்தவர் ஆவோம். தமிழ்ச் சங்கம் தமிழுக்குச் செய்யும் தொண்டில் இதுவும் அடங்கும் என்பது என் துணிபு.